விர்போவாவின் பச்சை அறிக்கை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த மாபெரும் சாதனை, தெற்கு செர்பியாவில் எங்கள் விர்போவா ஊரில், மூடிக் கிடந்த காலுறைத் தொழிற்சாலையில்தான் நடந்தது. உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்துக்கு எப்போதும் எங்கள்மீது கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

சாதனையாளர் பெயர் ராதிசாவ். போன வருஷம்வரை டிராக்டர் உதிரி பாகம் விற்றவர், இந்த வருஷம் கிரிப்டோ நாணயச் சுரங்கத்தின் டைரக்டர். சுரங்கம் என்றால் மண்வெட்டியைத் தேடாதீர்கள். சிப் பதித்த போர்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டால், அவை ராப்பகலாகக் கணக்குப் போடும். சரியான விடைக்கு நாணயம் கிடைக்கும். தப்பான விடைக்கு வெறும் சூடு மட்டும் கிடைக்கும்.

அந்தச் சூட்டிலும் ஒரு 'புரட்சி' இருந்தது. வடக்கு ஜன்னல் வழியாக வரும் குளிர்காற்று போர்டுகளைக் குளிர வைத்து, தான் சூடாகி, குழாய் வழியே பக்கத்து மழலையர் பள்ளிக்குப் போகும். திட்டத்தைக் கேட்ட மேயர் மிலுதின் உருகிப்போய், பள்ளியின் பாய்லரை முன்கூட்டியே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். தொலைநோக்கு என்றால் இதல்லவா தொலைநோக்கு!

சுரங்கத்தின் ஒரே பொறியாளர் ஸ்தானா, நகராட்சிச் சம்பளத்தில். நீஷ் நகரத்து வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவள் மகள் நேதா அந்தப் பள்ளியில்தான் படித்தாள். மார்ச்சளி வந்தால் லேசில் விடாத பிள்ளை. போர்டு ஓடினால்தான் மகளுக்குக் கதகதப்பு என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒழுங்காக வேலை செய்தாள். முதல் தவறு அதுதான்.

சிப்புக்குள் ஒரு கடிகாரம் அடிக்கும். ஒவ்வொரு அடிக்குள்ளும் கணக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர வேண்டும். அடியை வேகப்படுத்தினால் கணக்கு பின்தங்கும், விடை தப்பாகும். சேருமா சேராதா என்று மென்பொருள் முன்னாலேயே பார்த்துச் சொல்லும். சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு.

ராதிசாவ் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, ஒரே செவப்பா இருக்கு?"

"கடிகாரத்தை எழுநூறு மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினா ஒரு பாதையில விடை லேட்டா வருது சார். ஐந்நூறுல வெச்சா எல்லாம் சரியா வரும்."

"ஐந்நூறா? எழுநூறுன்னு பேனரே அடிச்சாச்சு! சரி, அந்தப் பாதையைச் சோதிக்காதேன்னு சொல்ல வழி இல்லையா?"

"இருக்கு. ஆனா அது வேலை செய்யாத பாதைக்குத்தான் சார்."

"இதுவும் வேலை செய்யலைன்னு நீதானேம்மா சொன்ன?"

இப்பேர்ப்பட்ட தர்க்கத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் சொல்லித்தரவில்லை. ராதிசாவ் திரையில் அடுத்த வரியைத் தொட்டார்.

"இது என்ன, எண்பத்தஞ்சு டிகிரி?"

"சிப் எவ்வளவு சூடாகும்னு நாம சொல்லணும். சூடானா இன்னும் மெதுவாயிடும்."

"நாமதான் சொல்லணும்னா எதுக்குக் கஞ்சத்தனம்? பூஜ்யம்னு போடு."

"சார், இது பொய்."

"எழுநூறு இல்லைன்னா முதலீடு போட்டவன் மூட்டையைக் கட்டிருவான். மெஷின் நின்னா யாரு குளிர்ல உக்காருவா? என் பேரனா? அவன் வியன்னாவுல இருக்கான்."

ஸ்தானா நேதாவை நினைத்துக்கொண்டு மவுஸை இரண்டு சொடுக்குச் சொடுக்கினாள். அறிக்கை முழுக்கப் பச்சையானது. ராதிசாவ் அவளுக்கு ஒரு கோப்பை ரக்கியாச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.

ஜனவரியில் திறப்பு விழா. பேனருக்குக் கீழே மேயர் பேச ஆரம்பித்ததுதான் தாமதம், வடக்கு ஜன்னல் காற்று அவர் இடுப்பில் பட்டது.

"ஐயோ, குறுக்குக் காத்து! என் கிட்னி போச்சு!"

விர்போவாக்காரன் எதற்கு வேண்டுமானாலும் துணிவான். இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் அறைக்கு மட்டும் துணியமாட்டான். வாய் கோணுவதும் கழுத்து பிடிப்பதும் குழந்தை பிறக்காமல் போவதும் அந்தக் காற்றால்தான் என்பது எங்கள் ஊர் மருத்துவம். விருந்தாளிகள் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஒருவர் ஆணியே அடித்துவிட்டார்.

"சாத்தாதீங்க!" என்று கத்தினாள் ஸ்தானா. "அந்தக் காத்துதான் போர்டைக் குளிர வைக்குது! அதுதான் பிள்ளைங்களுக்குப் போகுது!"

"சும்மா இரும்மா," என்றார் ராதிசாவ். "உன் அறிக்கையிலயே பூஜ்யம் டிகிரின்னு இருக்கு. இதுக்கு மேல எதுக்குக் குளிர வைக்கணும்?"

போர்டுகள் எழுநூற்றில் பாய்ந்தன. விடைகள் மழையாய்ப் பொழிந்தன, அத்தனையும் தப்பு. கருகல் வாடை வந்தது. பிறகு ஒவ்வொன்றாக அணைந்து, கூடமே அமைதியானது.

"என்னா வேகம் பார்த்தீங்களா!" என்றார் ராதிசாவ். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று மாலையே ஸ்தானாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது: 'குறையே இல்லாத அறிக்கைக்காக'.

முதலீட்டாளர் மூட்டை கட்டினார். பள்ளியிலிருந்து ஆசிரியை தெசாங்கா போன் செய்தாள். "ஸ்தானா, பிள்ளைங்க மூக்கெல்லாம் நீலம் பூத்துப் போச்சுடி. கையுறையோட கிரேயான் பிடிக்க வரலை. உன் பொண்ணு இருமறதை என்னால கேக்க முடியல."

மூன்று வாரம் கழித்து விசாரணைக் குழு கூடியது. உறுப்பினர்கள் இருவர்: மேயரும், 'துறை வல்லுநர்' ராதிசாவும். மேயர் அறையில் விறகடுப்பு கணகணவென்று எரிந்தது. விசாரணைப் படிவத்தைக் கணினியில் நிரப்ப ஸ்தானாவை உட்கார வைத்தார்கள்.

"போர்டு ஏன் நின்னுச்சு?" என்று வாசித்தார் மேயர்.

"சோதிக்கத் தேவையில்லைன்னு போடும்மா," என்றார் வல்லுநர்.

"பள்ளிக்கூடத்துல எத்தனை டிகிரி?"

"ஏழு," என்றாள் ஸ்தானா.

"இருபத்திரண்டுன்னு போடு," என்றார் ராதிசாவ். "உனக்குத்தான் பழக்கமாச்சே."

ஸ்தானா போட்டாள். திரையில் பச்சை வந்தது. "சபாஷ்!" என்றார்கள் இருவரும். அவள் எழுந்துபோய் ஜன்னலை விரியத் திறந்தாள். பிறகு எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து, அதற்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். மொராவா ஆற்றுக் காற்று காகிதங்களை அள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது.

"ஐயையோ, குறுக்குக் காத்து! சாத்துடி! செத்துருவோம்!"

"குளிருதா சார்? எப்படிக் குளிரும்? இப்பத்தானே இருபத்திரண்டு போட்டேன். பச்சையா இருக்கு, பாருங்க."

"என்ன வேணும்னாலும் செய்யறேன், முதல்ல ஜன்னலைச் சாத்து!"

"புது பாய்லர் கோப்புல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் சாத்தறேன்."

மேயர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முப்பது பிள்ளைகள் மூன்று வாரம் இருமியும் நகராத கோப்பு, இரண்டு பெரிய மனிதர்களின் இடுப்பில் காற்றுப் பட்டதும் நகர்ந்தது. அந்த வாரமே பாய்லர் வந்தது.

எங்கள் நகராட்சி நீதி வழுவாதது. கையெழுத்துப் போட்ட மறுநாளே ஸ்தானா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். பொய் அறிக்கை கொடுத்ததற்காக அல்ல. அதற்குக் கொடுத்த சான்றிதழை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. உத்தரவில் சொல்லியிருந்த குற்றம் ஒன்றே ஒன்று: அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்தது.