எருக்கிலையைத் துடைத்தவன்

பயந்தவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை முதலாளியும் அப்படி நம்பித்தான், எட்டாம் வகுப்போடு நின்ற என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார். (நான் பயந்தவன் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது.)

செல்போன் முதலாளியிடம் மட்டும் இருந்த காலம். சித்திரை வெயில். நான்கு நாளில் அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது.

“மருந்துத் தூசி ரூமுக்கு வெளிய ஒரு பொட்டு கெடந்தாலும் ஆலையைப் பூட்டிருவாக. பாத்துக்கோ” என்றார் முதலாளி.

பார்த்தேன். மருந்து கலக்கும் அறைக்குப் பின்னால், சரளைத் தரையில் நின்ற எருக்கஞ்செடிகளின் இலையெல்லாம் சாம்பல் வெள்ளையாக இருந்தது. தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. அலுமினியப் பவுடரேதான் என்று முடிவு கட்டினேன். எருக்கு எனக்குத் தெரியாத செடியல்ல. சின்ன வயதில் அதே மாவில் விரலால் பெயரெழுதி விளையாடியவன்தான். ஆனால் பதவி வந்த நாளிலிருந்து கண்ணில் பட்ட பொடியெல்லாம் மருந்தாகத்தான் தெரிந்தது. (தூக்குச்சட்டியில் வந்த இட்லிப்பொடியைக்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்திருக்கிறேன்.)

செடியை வெட்டலாம். அரிவாள் கல்லில் பட்டுப் பொறி பறந்தால்? எனவே சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு, இலை இலையாகத் தேய்த்தேன்.

திரி வைக்கும் மாரியம்மாக்கா எட்டிப் பார்த்தார். “என்ன சூப்பர்வைசரே, செடிக்குத் தலைக்கு ஊத்துறீகளா?”

“சோதனை வருதுல்ல. சுத்தமா இருக்கணும்.”

“அப்ப சீவி விட்டுப் பூவும் வச்சிருங்க.”

சொன்ன நாளில் அதிகாரி வந்தார். அறைகளில் குறையில்லை. பின்பக்கம் போனவர் நின்றுவிட்டார். வேலிக்கு வெளியே எருக்கு தெம்பாக நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது.

“உள்ள மட்டும் எப்படிக் கருகுச்சு? இங்க என்னத்தைக் கொட்டுனீங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். மாரியம்மாக்காதான் முன்னால் வந்தார்.

“எதையும் கொட்டலை சார். இவுகதான் தேச்சுக் குளிப்பாட்டுனாக. இந்தச் சரளையில அதுக்குத் திங்க என்ன இருக்கு, நெனைச்சப்பல்லாம் புது இலை விட? இருக்கிற இலையை வெயில் குடிச்சிராம மாவைப் பூசிப் பொத்தி வச்சுக்கிடுது. அதைப் போயி வழிச்சிட்டாக.”

அதிகாரி நம்பவில்லை. வேலிக்கு வெளியே ஒரு செடியைக் காட்டி, பாதி இலைகளை என்னைத் தேய்க்கச் சொன்னார். “மூணு நாள் கழிச்சு வர்றேன். அதுவரை வேலை நடக்கக் கூடாது.”

அறுபது பேர் பிழைப்பு அந்தப் பாதிச் செடி வாடுவதில் நின்றது. தினமும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் மேகம் போட்டது. வருஷமெல்லாம் மழைக்கு ஏங்கும் ஊர், அன்று வானத்தைத் திட்டியது.

“ஏலே, இலை வாடலைன்னா நீ இந்தப் பக்கமே வராத” என்றார் முதலாளி.

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. தேய்த்த இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தேய்க்காதவை விறைப்பாக நின்றன. அதிகாரி இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆலை திறந்தது. எனக்கு வேலை தங்கியது. சூப்பர்வைசர் பதவி மாரியம்மாக்காவுக்குப் போனது. (ஆலைக்கு அதன் பிறகுதான் உண்மையான பாதுகாப்பு.)

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பதற்றத்தில் தாம்பாளத்தைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

“அதை வைங்க. மூணு நாள்ல கருகிரும்” என்றாள் மனைவி.

வந்தவர்கள் விழித்தார்கள். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஆனால் கல்யாண வேலைகளைப் பிரித்தபோது சம்பந்தி ஒரே நிபந்தனை போட்டார்: இலையில் மாவு பூத்த வாழைமரம் கட்டும் பக்கம் நான் போகக் கூடாது.