அண்டா நிறையும்வரை

எந்த வரைபடக்காரரும் இன்றுவரை இடம் ஒதுக்காத வெண்கல நாடு என்றொரு நாடு உண்டு. அங்கே மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு. அமைச்சர்களை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். மன்னரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பது மட்டும் தண்டனைக்குரிய குற்றம். மற்றபடி நல்ல நாடுதான்.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது கஷ்டம் என்றால், கூரை எரிந்துபோனாலும் சரி, உழவு மாடு செத்துப்போனாலும் சரி, ஊர்ப் பொதுவில் ஒரு பெரிய வெண்கல அண்டாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். கேட்பவர்கள் கையில் இருப்பதைப் போடுவார்கள். அண்டா நிறைகிறவரை கச்சேரி நிற்காது. கேட்க வந்தவர்களும் எழுந்து போகமாட்டார்கள். போனால் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். காசு போட்டவருக்கு ஓர் உரிமையும் உண்டு. "போதும், மாத்துங்க" என்று அவர் சொன்னால், வாசிப்பவர் எடுத்த பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும். இதில் யாருக்கும் கோபம் வராது. வீட்டைப் பறிகொடுத்தவன்கூட அன்று சிரித்துக்கொண்டுதான் திரும்புவான்.

இந்தச் செய்தி அரண்மனையை எட்டியபோது மன்னர் மகரகேதுவுக்குச் சோறு இறங்கவில்லை. வரி தண்டுகிறவர் தலை தெரிந்தாலே வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குடிகள், அண்டாவைக் கண்டால் தாங்களாகவே ஓடிவந்து போடுகிறார்களாம். அரசாங்கத்தின் உதவி இல்லாமல் ஒரு நல்ல காரியம் நடப்பதை எந்த மன்னரால் பொறுத்துக்கொள்ள முடியும்? உடனே ஈகை இசைத் துறை என்று ஒன்றை உண்டாக்கி, நாவுக்கினியாரை அதற்கு அமைச்சராக்கினார். நாவுக்கினியார் கெட்டவர் இல்லை. யாரிடமும் கையூட்டு வாங்கியதில்லை. வாங்க அவருக்கு நேரமே கிடைத்ததில்லை; எப்போதும் பேசிக்கொண்டிருப்பார்.

துறையின் முதல் ஆணை, அண்டாவின் தொன்மையான வழக்கங்கள் எதிலும் அரசு கைவைக்காது என்று உறுதி கூறியது. ஒரே ஒரு திருத்தம்: கலைஞர்கள் தரையில் உட்காருவது நாட்டுக்கு இழுக்கு, ஆகவே மேடை போட வேண்டும். மேடைச் செலவை அண்டாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேடை என்று வந்துவிட்டால் அதில் தலைமை விருந்தினர் வேண்டாமா? இரண்டாவது ஆணை அதைக் கவனித்துக்கொண்டது. தலைமை விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், போர்த்தியவருக்கும் யாராவது போர்த்த வேண்டும், எல்லாருக்கும் நினைவுப் பரிசு தர வேண்டும். அந்தச் செலவும் அண்டாவிலிருந்துதான். விருந்தினருக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா இருக்குமானால், பாதி அண்டாவையே நிறைந்த அண்டா என்று அறிவித்துவிட்டுக் கிளம்பலாம் என்றும் ஒரு துணை ஆணை வந்தது. தீயில் வீட்டை இழந்த ஒருவருக்குக் கடைசியில் நினைவுப் பரிசு ஒன்றுதான் மிஞ்சியது. அதை மாட்டச் சுவர் கிடைக்காமல் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மூன்றாவது ஆணைப்படி, வாசிக்கும் பாட்டு எதுவானாலும் மன்னரின் புகழ் இடம்பெற வேண்டும் என்றானது. வசூல் விழுந்தது. துறைச் செயலர் விருத்தகிரி நீண்ட ஆய்வு நடத்தி, கைகட்டி நின்று முடிவைச் சொன்னார்.

"அமைச்சர் பெருமானே, எப்படிப் பார்த்தாலும் ஒரே விடைதான் வருகிறது. மேடை அவசியம். பொன்னாடை மரபு. தங்கள் உரையோ விழாவின் உயிர்நாடி. விலக்கத்தக்கதாக எஞ்சி நிற்பது இசை ஒன்றே."

"இசை விழாவில் இசை இல்லையென்றால் எதிர்க்கட்சியினர் ஏதாவது சொல்லமாட்டார்களா?"

"கலைஞர்களை மேடையிலேயே அமர்த்துவோம், பெருமானே. வாத்தியங்களும் மடியில் இருக்கும். வாசிக்கமாட்டார்கள், அவ்வளவுதான்."

"பார்க்க நிறைவாக இருக்கும்" என்று அமைச்சர் ஒப்புக்கொண்டார். அண்டா நிறைந்ததும் மங்களம் வாசிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அண்டா எங்கே நிறையப்போகிறது என்ற தைரியம்தான் காரணம்.

இப்படி நாடு முன்னேறிக்கொண்டிருந்தபோது நடுத்திட்டு என்ற ஊருக்கு ஒரு படகு தேவைப்பட்டது. அந்த ஊர் ஆற்றின் நடுவே இருக்கிறது. கோடையில் மணலில் நடந்தே அக்கரை போய்விடலாம். வெள்ளம் வந்தால் படகு ஒன்றே வழி. இருந்த ஒரே படகைப் போன வருஷத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளத்தின்போது கொளஞ்சி என்ற தவில்காரரின் அக்காவுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி அக்கரையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடக்க முடியவில்லை. தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

இந்த வருஷம் கொளஞ்சியின் மனைவி பூங்காவனம் நிறைமாதம். மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. ஊரார் துறைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த பிறகு, ஒருவழியாக இசையில்லாத முதல் இசை விழாவை நடுத்திட்டுக்கே ஒதுக்கினார்கள். ஆற்று மணலில் பல்லக்கில் வந்து இறங்கினார் நாவுக்கினியார். அன்று அவருக்கு வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை.

கொளஞ்சி தவிலை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் காட்சிப்பொருளாக உட்கார்ந்திருந்தார். பூங்காவனம் கீழே, கூட்டத்தின் முன்வரிசையில். அமைச்சர் உலகம் தோன்றிய விதத்திலிருந்து ஆரம்பித்தார். நெருப்புக் கோளம் குளிர்ந்து, மழை பெய்து, கடல் உண்டாவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாதியில் எழுந்து போகவும் முடியாது. அண்டாவில் அடிப்பகுதிகூட மறையவில்லை. ஒருவருக்கும் போட மனம் வரவில்லை. பூங்காவனத்துக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. படகு இப்படியே கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

அவள் கையை ஊன்றி எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்த காசை அண்டாவில் போட்டாள். வெறும் அண்டா என்பதால் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"போதுங்க ஐயா" என்றாள். "மாத்துங்க."

கொளஞ்சிக்கு மனைவியைச் சிறையில் போய்ப் பார்ப்பதுபோல ஒரு காட்சி மனதில் ஓடியது. விருத்தகிரி காவலர்களைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். ஆனால் அமைச்சர் அவரைத் தடுத்தார். அண்டாவின் வழக்கத்தில் கைவைக்கமாட்டோம் என்று ஆணையிட்டவர் அவர்தானே. சொன்ன சொல்லை மறக்கும் ஆள் இல்லை. கடலைப் பாதியிலேயே விட்டுவிட்டு, ஒழுக்கமாக அடுத்த பொருளை எடுத்தார். அது நெல் சாகுபடி.

உப்பு விற்கும் தவமணி எழுந்து வந்து காசு போட்டார். "மாத்துங்க." அமைச்சர் பல் பாதுகாப்புக்குப் போனார். இன்னொருவர் வந்தார். பற்களிலிருந்து அண்டை நாட்டு உறவுக்குப் போனார். அதற்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு காசுக்கும் ஒரு பேச்சு நிற்கிறது, அண்டா நிறைந்தால் எல்லாப் பேச்சும் நிற்கும். போன மாதம் வரி தண்டுகிறவரிடம் அழுதவர்கள்கூட இடுப்பிலிருந்து பையை எடுத்தார்கள். ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றினாள். முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக் காசைப் போட வைத்தார்கள். அமைச்சர் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. வணக்கம் என்று ஆரம்பித்தாலே போதும், காசு விழுந்தது.

நாவுக்கினியாரின் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீரா செயலரே" என்றார். "ஒன்றைத் தொட்டால் அடுத்ததையும் கேட்க வேண்டும் என்று துடிக்கிறார்கள். இப்படி ஒரு தாகத்தை நான் எங்கும் கண்டதில்லை."

"தங்கள் நாவின் வன்மை, பெருமானே" என்றார் விருத்தகிரி. அவரும் ரகசியமாக ஒரு காசு போட்டிருந்தார்.

அண்டா நிறைந்து வழிந்தது. வழக்கப்படி கொளஞ்சி தவிலை நிமிர்த்தி மங்களத்தைத் தொடங்கினார். காலையிலிருந்து தவில்மேல் சும்மா கிடந்த கை. ஊரே எழுந்து நின்று கேட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது. வெறும் சந்தோஷத்துக்காகவே இன்னொரு தடவை காசு போட்டார்கள். மேடைக்கும் பொன்னாடைக்கும் போக மிச்சத்தில் படகு மட்டுமல்ல, துடுப்பு, கயிறு, மழைக்கு மேலே போட ஒரு கூண்டு எல்லாம் தேறியது.

படகு வந்து சேர்ந்த வாரமே வெள்ளமும் வந்தது. அதில் முதலில் ஏறியவள் பூங்காவனம். கொளஞ்சி துடுப்புப் போடத் தெரியாமல் போட்டதில் படகு கொஞ்சம் சுற்றியது, அவ்வளவுதான். மருத்துவச்சி கரையிலேயே கையைப் பிடித்து இறக்கிக்கொண்டாள். விடிவதற்குள் பெண்குழந்தை பிறந்தது. கொளஞ்சி திண்டாடிப்போய், அக்காவை நினைத்து அழுவதா மகளைப் பார்த்துச் சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

அதன்பின் நாவுக்கினியார் நாடு முழுவதும் சுற்றத் தொடங்கினார். பள்ளிக்கூடம் இல்லாத ஊர், மருத்துவமனை இல்லாத ஊர், கிணறு வற்றிய ஊர் எல்லாம் அவரைக் கெஞ்சி அழைத்தன. அவர் வாய் திறந்த இடமெல்லாம் கட்டடம் எழும்பியது. மன்னருக்குப் பொறாமை வந்து தானும் பேசப் புறப்பட்டார். அவர் பேச்சு இன்னும் மோசம்; ஒரே பிற்பகலில் ஒரு பாலத்துக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. அண்டா நிறைய நிறைய மங்களம் வாசிக்கிறவர்களுக்கும் ஓய்வில்லாத வேலை. ஆக, நாட்டில் முன்னைவிடப் பாட்டும் அதிகமாகத்தான் கேட்டது.

தேர்தல் வந்தது. நாவுக்கினியாரை எதிர்த்து எழிற்கோ என்ற நேர்மையான இளைஞர் நின்றார். மேடை ஏறி, "நான் வந்தால் வரியைக் குறைப்பேன். உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். வணக்கம்" என்று இறங்கிவிட்டார். மக்கள் கலங்கிப்போனார்கள். இப்படிப் பேசுகிறவரை வைத்துக்கொண்டு ஊருக்கு ஒரு படித்துறையாவது கட்ட முடியுமா? எழிற்கோவின் கட்டுத்தொகை போயிற்று. நாவுக்கினியார் இதுவரை யாரும் காணாத வாக்கு வித்தியாசத்தில் வென்று, வெற்றி உரையிலேயே இரண்டு சத்திரங்களைக் கட்டிமுடித்தார்.

நான் அந்த நாட்டுக்குப் போயிருந்தபோது நடுத்திட்டுக் கரையில் பூங்காவனத்தைப் பார்த்தேன். மகள் அவள் இடுப்பில் உட்கார்ந்து என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள் பூங்காவனம். சொன்னேன்.

"உங்க ஊர் அமைச்சருங்களும் இப்பிடித்தான் பேசுவாங்களா?"

இதைவிட நிறையப் பேசுவார்கள், விடிய விடியப் பேசுவார்கள், பேசுவதற்கென்றே விழா எடுப்பார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது நிஜமான பொறாமை.

"அப்ப உங்க ஊர்ல எல்லாமே கட்டி முடிஞ்சிருக்குமேங்க" என்றாள்.