போதகர் எரிந்த வியாழக்கிழமை

கலேஷேவே, கிம்பர்லி
ஜூலை, குளிர் குறையாத சனிக்கிழமை

கேப் டவுனில் தாதிப் பயிற்சியில் இருக்கும் என் அக்கா மகள், அன்பு மருமகள் மசேகோவுக்கு உன் தாய்மாமன் ஒடெங் எழுதுவது.

இங்கே நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். உன் அத்தை மொசிடிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கோழிகள் நலம். உன் போதகரும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு, எங்காவது உட்கார்ந்துகொண்டு மேலே படி.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். யாரையாவது அனுப்பிப் போதகரைக் கூட்டிக்கொண்டு போய்விடு. அவரை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய்.

தாடி இருக்கிறது, எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறது என்பதற்காக ஓர் ஓணானுக்குப் போதகர் என்று பெயர் வைத்தவள் நீ. நடந்ததில் உனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என்னுடையது.

நீ கேப் டவுனுக்குக் கிளம்பும்போது சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளுமை, அவர் இஷ்டப்பட்ட பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். மேலே வலைக்கு வெளியே சூட்டு விளக்கு. விளக்கின் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து வருகிற, சூட்டை அளக்கிற ஒயரின் நுனி, விளக்குக்கு நேர் கீழே அவருடைய கல்லின்மேல் இருக்க வேண்டும், எந்தக் காரணம் கொண்டும் நகரக் கூடாது. கரண்ட் போனால் முதலில் சுவரில் சுவிட்சை அணைக்க வேண்டும், அப்புறம்தான் பெட்டிக்குக் கம்பளி போர்த்த வேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டு, "வாழ்நாள் பூரா ரயில்வேல கைகாட்டி பார்த்தவன்டி நான், ஒரு ஓணான் விளக்கைப் பார்த்துக்க மாட்டேனா?" என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

முதல் தப்பு அந்த ஒயர். போதகர் திரும்பும்போதெல்லாம் அது அவர் காலில் சிக்கியது. பாவமாக இருந்தது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் கழுத்தில் கயிறு கிடந்தால் எடுத்துவிட மாட்டோமா, அந்த எண்ணத்தில் மெதுவாக வெளியே இழுத்து, அழகாகச் சுருட்டி, ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்தேன். உன் அத்தைகூட, "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றாள். ஜூலை மாதத்து கிம்பர்லி ஜன்னல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கண்ணாடியில் உறைபனியை நகத்தால் சுரண்டலாம். ஒயர் அந்தக் குளிரைப் பார்த்துத் தெர்மோஸ்டாட்டிடம் "குளிருது, குளிருது" என்று சொல்ல, அது விளக்கை முழு மூச்சில் எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கைகாட்டியைப் பிடுங்கி வேறு பாதையில் நட்டுவிட்டு, ரயில் ஏன் இப்படிப் போகிறது என்று யோசிக்காத மடையன் உன் மாமன்.

அதற்குப் பிறகு போதகர் எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். நாங்கள் பிரசங்கம் செய்கிறார் என்று ரசித்தோம். நான் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு "ஆமென்" வேறு சொன்னேன். மசேகோ, அந்த ஆமென் என் தொண்டையிலேயே நிற்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் நிறுத்துகிற முறை. கரண்ட் போனதும் கம்பளியைப் பெட்டி, விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நன்றாகப் போர்த்தினேன். உன் அத்தை அடுப்பங்கரையிலிருந்து, "என்னங்க, சுவிட்சை அணைச்சீங்களா?" என்றாள். நான் "இதோ" என்றேன். நம் ஊர் "இதோ" உனக்குத் தெரியுமே. "இதோ இதோ" என்றால் ஆள் எழுந்துவிட்டான், ஒற்றை "இதோ" என்றால் இருட்டுவதற்குள் செய்வான். நான் சொன்னது ஒற்றை. அவள் காதில் விழுந்தது இரட்டை. அவள் கோழிக்குத் தீவனம் வைக்கப் போனாள், நான் ஜெனரேட்டர் இருக்கிற பக்கத்து வீட்டில் கால்பந்து பார்க்கப் போனேன்.

கரண்ட் திரும்பி வந்தது. நான் உள்ளே ஓடுவதற்குள் உன் அத்தை முற்றத்தில் நின்று தலையில் கைவைத்து அலறுகிறாள்: "ஐயோ, ஓடி வாங்க! போதகர் எரியறாரு! போதகர் எரியறாரு!"

வியாழக்கிழமை நம் சபை மாதர் சங்கக் கூட்டம். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு சங்கப் பெண்கள் அத்தனை பேரும் சரியாக அப்போதுதான் நம் வாசலைக் கடந்து போனார்கள். பாதிப்பேர் தண்ணீர் தேடி நம் வீட்டுக்குள் வந்தார்கள். மீதிப்பேர் நேராக நம் சபையின் நிஜப் போதகர் ரெவரெண்ட் மொகாடி வீட்டு வாசலுக்குப் போய், அவர் மனைவியைக் கட்டிப்பிடித்து, அடக்கப் பாட்டை நான்கு குரலில் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்டு ரெவரெண்ட் முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். "நீங்கதான்" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள்.

சாதாரண நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். ஆனால் இங்கே கம்பளி விளக்குப் பக்கம் கருகிப் புகைந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு வலை வழியாகப் போதகரின் முதுகில் விழுந்திருந்தது. நான் சுவிட்சை அணைத்து, கம்பளியை முற்றத்தில் வீசி, அவரைக் கையில் எடுத்தேன். அவர் கத்தவில்லை. அவருக்குக் கத்தத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரெவரெண்ட் நுரையைத் துடைக்காமலே வந்து பார்த்தார். "இதுக்கு ஏன் என் பட்டம்?" என்றார். ஓணானின் தாடியைப் பார்த்தார், தன் தாடையைத் தடவிக்கொண்டார். "வாயைத் தொறந்தா மூட மாட்டானாமே, அதனாலயா?" என்றார்.

"நீங்க நடுவுல தண்ணி குடிப்பீங்க ரெவரெண்ட்" என்றாள் உன் அத்தை, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

நல்ல மனுஷன். கோபிக்காமல் தன் வண்டியிலேயே எங்களைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா வெள்ளைக்காரர், நம் பாஷையை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். முதுகில் மருந்து தடவிக்கொண்டே, "இந்தப் புண்ணு இன்னிக்கிப் பட்டது. ஆனா இவன் வாடியிருக்கறதப் பாத்தா முன்னாடியே சூடு அதிகமா இருந்திருக்கு. ஒயர் நுனி எங்க வெச்சிருந்தீங்க?" என்றார்.

"ஜன்னல்ல."

"வாயைப் பிளந்துக்கிட்டே இருந்தானா?"

"ஆமாம்மா. பிரசங்கம் பண்றார்னு நெனச்சோம்."

"பிரசங்கம் இல்லைய்யா. சூடு தாங்கலன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கான். அவனுக்குச் சொல்ல வேற வழி கிடையாது."

போதகர் என்னிடம் சொல்லியிருக்கிறார் மசேகோ, தினமும் சொல்லியிருக்கிறார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஆமென் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒயரைக் கல்லின்மேல் ஒட்டி, அவர் கால் சிக்காதபடி மண்ணுக்கு அடியில் கொண்டுபோயிருக்கிறேன். சூடு பார்க்கத் தனியாக ஒரு வெப்பமானியும் வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் நான்தான் முதலில் சுவிட்ச் பக்கம் போகிறேன், "இதோ" என்ற சொல்லை உன் அத்தை இந்த வீட்டில் தடைசெய்துவிட்டாள். புண் ஆறும், தழும்பு நிற்கும் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் என்னைப் பார்த்தாலே போதகர் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார். கீரையை உன் அத்தை கையால் வாங்கிக்கொள்கிறார், என் கையால் தொடுவதில்லை. நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், வந்து கூட்டிப்போய்விடு. தாங்க முடியவில்லை.

அத்தை உன்னை முத்தமிடுகிறாள். ரெவரெண்ட் மொகாடி, தான் உயிரோடிருப்பதை உனக்குத் தெரிவிக்கச் சொன்னார். உன் மேல் நல்ல மழை பெய்யட்டும், நீ நடக்கிற பாதை நனைந்தே இருக்கட்டும்.

உன் தகுதியில்லாத மாமன்,
ஒடெங்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து, பெட்டியைச் சுத்தம் செய்யக் கதவைத் திறந்தேன். போதகர் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தார். என் கையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அதன்மேல் ஏறி, முழங்கை வழியாக ஸ்வெட்டருக்குள் புகுந்து, என் நெஞ்சில் ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாரையும் அனுப்பாதே. முதல் பக்கத்தில் கூட்டிப்போ என்று எழுதியதை அடித்துவிடலாம் என்றால், அந்தப் பக்கம் மேசையின் அந்தக் கோடியில் கிடக்கிறது. நான் எழுந்தால் அவர் விழித்துவிடுவார். நீயே அடித்துக்கொள்.