கடமானைத் துரத்திய வெல்லக்கட்டி

எல்லார் வாய்க்கும் ஒரு கதவு உண்டு. என் வாய்க்கு நிலைப்படி மட்டும்தான். இந்தக் கதை அதனால் வந்த வினை.

தொண்ணூறுகளின் தொடக்கம், பர்மா. என் மகளைப் பெண் பார்த்துப் போன க்யிம்யிண்டைங் பேட்டை அம்மாவுக்கு நெஞ்சுவலி. மான்கொம்பை இழைத்துப் பூசினால் வலி இறங்கும் என்று நம்பினார். சுட்டுக் கொன்ற மானின் கொம்பு பாவம். தானாக உதிர்ந்ததுதான் வேண்டும். லத்தா பேட்டை மருந்துக் கடைகளில் விற்பதெல்லாம் எருமைக்கொம்பு என்று அலுத்துக்கொண்டார்.

"காட்டுக்கே போய் என் கையால எடுத்துட்டு வாரேன் சம்மந்தி" என்றேன். (காட்டை நான் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.)

"கொம்பு வரட்டும், அன்னிக்கே வெத்தலபாக்கு மாத்திக்குவோம்" என்றார் அவர். ஆக, என் மகள் கல்யாணம் ஒரு மானின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் வேலை செய்த ஊ டின், பெகு பக்கத்துக் காட்டுக் கிராமத்தில் பிறந்தவர். அவர்தான் கூட்டிப்போனார்.

"காட்டுல நான் ஒரு வார்த்தை சொன்னா உடனே புரியணும், டோ பாக்கியம். பர்மா பாஷை நல்லா வரும்ல?" ('டோ' என்பது பெண்களுக்கு பர்மாக்காரர்கள் வைக்கும் மரியாதை.)

"நான் பேசுனா பர்மாக்காரியே திரும்பிப் பார்ப்பா!" (பார்ப்பார்கள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.)

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலையெல்லாம் நடந்தேன். ஊ டின் குனிந்து ஒரு குளம்படியைப் பார்த்து, "ஆழமா அழுந்தியிருக்கு. கனத்த கிழவன்" என்றார். மரப்பட்டை உரிந்திருந்த உயரத்தைக் கையால் முழம் போட்டார்.

"நேத்து ஊர்க்காரங்க பாத்தப்பவே ஒத்தக் கொம்புதான். விழுந்தது எங்க கெடக்குன்னு யாருக்கும் தெரியல. மத்தது இன்னிக்கோ நாளைக்கோ விழுந்துரும். சத்தமில்லாம பின்னாலயே போனா போதும்."

நான் சத்தமில்லாமல்தான் இருந்தேன். சாப்பாட்டு வேளை வரை.

புளிச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தேன். ஊ டின் ஒரு கவளம் வாயில் போட்டார். கண் விரிந்தது. கை தரையைத் தட்டியது. "சத்... சத்..." என்று கிசுகிசுத்தார்.

இதில் என் குற்றம் பாதிதான். பர்மா பாஷையில் காரத்துக்கும் 'சத்', கடமானுக்கும் 'சத்'. மூச்சு விடுவதில் ஒரு நூல் வித்தியாசம். அந்த நூல் தமிழ்க் காதில் நுழையாது.

"ஐயோ, காரமா! மிளகாயை அள்ளிப் போட்டுட்டேனே! இந்தாங்க வெல்லம், வாயத் திறங்க!" என்று அலறி, ஒரு கட்டியை அவர் வாயில் திணித்தேன்.

பேச வழியில்லாமல் அவர் என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பினேன். பத்தடியில், ஒற்றைக் கொம்போடு, குதிரை உயரத்துக் கிழவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கிழக்கே பாய்ந்தான். நான் மேற்கே பாய்ந்து, அவன் காலையில் புரண்டு எழுந்த சேற்றில் இடுப்புவரை இறங்கினேன்.

கொம்பா? அவன் போன வேகத்துக்குச் சீனாவில் விழுந்திருக்கும்.

வெறுங்கையோடு சம்மந்தி வீட்டுக்குப் போனேன். புலி வந்தது என்று சொல்வதாகத் திட்டம். ஊ டின்னும் கூடவே வந்து தொலைத்தார்.

"புலியா? வெல்லம்ல வந்துச்சு!" என்று முழுவதையும் நடித்தே காட்டினார். சம்மந்தியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பதறிப்போனேன். பார்த்தால், சிரிப்பு.

"கொம்பு கெடக்குது சம்மந்தி. உங்கள விட்டா எனக்குப் பொழுது எப்படிப் போகும்?" என்று வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார்.

இன்றைக்கும் மகள் வீட்டில் நான் வைக்கும் குழம்பு காரம் என்று யாரும் சொல்வதில்லை. மருமகன் குரலைத் தாழ்த்தி, கையால் தரையைத் தட்டி, "அத்தை, மான் வந்திருக்கு" என்பார்.

மறுநாள் நாலு மிளகாய் கூடப் போடுவேன். மந்தையே வரட்டும்.