நோட்டுக்காரர் போட்ட மார்க்

காலை ஆறரை மணிக்கு நாலாவது ஆள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வயிறு சரியில்லையாம். நாலு பேரைச் சைக்கிளில் கணவாய் வரை ஏற்றி, அந்தப் பக்கம் பத்திரமாக இறக்கிக் காட்டினால்தான் வழிகாட்டி உரிமம். மூன்று பேர் என்றால் தேர்வே கிடையாது.

குமாஸ்தா சைக்கிள் கொட்டகை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டவர். இன்னும் எல்லாருக்கும் அவர் குமாஸ்தாதான். மலையில் சைக்கிள் வழிகாட்டி ஆகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள் மனைவி. இரண்டு தடவை தேர்வில் தோற்றாயிற்று. இது மூன்றாவது, கடைசி. இதிலும் கவிழ்ந்தால் ஆயுசுக்கும் உரிமம் கிடையாது.

"நான் வரேனே," என்றாள் மனைவி. தையல் கடையைத் திறக்கப் போகிற வழியில் சாப்பாட்டுப் பையைக் கொடுக்க வந்தவள்.

"உனக்குக் காய்கறிக் கடை வரைக்கும்தானே ஓட்டத் தெரியும்?"

"அதுவும் மேடுதான்."

குமாஸ்தாவுக்குப் போன உயிர் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. "சரி, ஆனா நீ என் பெண்டாட்டின்னு யாருக்கும் தெரியக் கூடாது. ஆள் செட்டப் பண்ணிட்டேன்னு நினைச்சுடுவாங்க. என்னை சார்னு கூப்பிடு."

"சரிங்க."

"சரிங்க இல்ல. சரி சார்."

"சரி சார்," என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. இந்தத் தேர்வில் மார்க் போடுகிறவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். வாடிக்கையாளர் மாதிரி கூட்டத்தோடு கூட்டமாக வருவார். முதல் தடவை, மெதுவாக வந்த ஒரு பெரியவரிடம் "நடந்தே வந்திருக்கலாமே" என்று சொல்லித் தொலைத்தார். அவர்தான் தேர்வாளர். இரண்டாம் தடவை, சேற்றில் விழுந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தப் பெண்தான் தேர்வாளர். இந்தத் தடவை ஆளை முதலிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. வந்தவர்களில் இரண்டு பேர் புதுசாகக் கல்யாணமானவர்கள். ஒருத்தரை ஒருத்தர் போட்டோ எடுப்பதைத் தவிர உலகத்தில் அவர்களுக்கு வேறு வேலை இல்லை. மூன்றாமவர் கண்ணாடி போட்ட, கொஞ்சம் தொப்பையுள்ள மனிதர். கால் மணிக்கு ஒரு தரம் ஓரமாக நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

முதல் மேடு முடிந்த வளைவில் குமாஸ்தா தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நோட்டை எட்டிப் பார்த்தார். 138 என்று இருந்தது. எத்தனைக்கு என்று தெரியவில்லை. ஆனாலும் நல்ல மார்க்காகத்தான் பட்டது.

"இந்த சைக்கிள் இழுக்கவே மாட்டேங்குதுங்க," என்றார் நோட்டுக்காரர்.

கொட்டகையிலேயே நல்ல சைக்கிளைக் குமாஸ்தா மனைவிக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க சைக்கிளை இவருக்குக் கொடுத்துடுங்க. நீங்க இவரோடதுல வாங்க."

"சரி சார்."

அடுத்த தடவை நோட்டில் விழுந்தது 121.

பதினேழு மார்க் போயிற்று என்று குமாஸ்தா கணக்குப் போட்டார். போதாது போலிருக்கிறது என்று நோட்டுக்காரரின் பையை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டார். 112. கணவாய் நெருங்க நெருங்க மூச்சு வாங்கியது, பாறை இடுக்கில் பனி கிடந்தது, காற்று கத்தியாக வெட்டியது. மனைவி தன் கையாலேயே தைத்துப் போட்டிருந்த குளிர் அங்கியைக் கழற்றச் சொல்லி நோட்டுக்காரருக்குப் போர்த்தினார். உச்சியில் உட்காரவைத்து அவள் பங்குச் சாப்பாட்டையும் எடுத்துக் கொடுத்தார். 96.

"நான் என்ன சாப்பிடுறது சார்?" என்று கேட்டாள் மனைவி.

"இறங்கினதும் பாத்துக்கலாம்மா," என்றார் குமாஸ்தா. அவருக்கு அவள் பசி காதிலேயே விழவில்லை. ஒருவேளை உப்பு கம்மியோ, அதனால்தான் மார்க் இறங்கிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இறக்கத்தில் நோட்டுக்காரரின் சக்கரம் பஞ்சரானது. குமாஸ்தா கைவசம் இருந்த ஒரே ட்யூபை மாற்றிக் கொடுத்தார். நூறடி போயிருக்க மாட்டார்கள், மனைவியின் சக்கரம் கூரான கல்லில் ஏறிக் காற்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் ஒட்டுகிற பசையோ கொட்டகையிலேயே இருந்தது.

யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். இரண்டு வருஷமாக அவர் அவளிடமே ஒப்பித்துப் பழகிய பாடம். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது.

"ரொம்பக் குளிருதுங்க," என்று நோட்டுக்காரர் நோட்டை எடுத்தார்.

குமாஸ்தா மனைவியைப் பார்த்தார். அவள் அவரையும் பார்த்தாள், நோட்டையும் பார்த்தாள்.

"நீங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க சார். பாதை தெரியுதுல்ல, நான் தள்ளிக்கிட்டே வந்துடுறேன்."

கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "ஏதாவதுன்னா ஊது." நோட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவும், "ஊதுங்கம்மா," என்று திருத்திக்கொண்டார். ஹேண்டில்பாரைத் திருப்பும்போதே, செய்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் போனார்.

ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினார். விசில் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவரை இன்னும் வாட்டியது. இரண்டு வருஷமாக வீட்டில் உலை கொதித்தது அவள் தையல் மிஷினால். அக்கம்பக்கத்தில் கேலி பேசியபோது, "அவருக்குப் பிடிச்சதைச் செய்யட்டுமே" என்று வாயை அடைத்தவள் அவள். அவளை ஒரு மலையில், அங்கி இல்லாமல், பசியோடு நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். பாழாய்ப்போன உரிமம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் சைக்கிளை நிறுத்தவில்லை.

கீழே உரிமம் கொடுக்கிற அலுவலக வாசலில் நோட்டுக்காரர் கடைசியாக ஒரு தரம் எழுதினார். 78.

குமாஸ்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன சார் தப்பு பண்ணேன்? எல்லாம் செஞ்சேனே. ஏன் குறைச்சுக்கிட்டே வர்றீங்க?"

"நான் எங்கங்க குறைச்சேன்? எல்லாம் உங்க புண்ணியம்." நோட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக நோட்டைக் காட்டினார். "நாடித்துடிப்பு. கால் மணிக்கு ஒரு தரம் எண்ணி எழுதச் சொல்லியிருக்கார் டாக்டர். மெத்தைக் கடையில உக்காந்தே இருக்கறவன் பாருங்க. நூத்தி முப்பத்தெட்டைப் பாத்து நானே பயந்துட்டேன். ராஜா மாதிரி கூட்டிக்கிட்டு வந்து இறக்கிட்டீங்க."

குமாஸ்தா சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே மேலே மிதித்தார்.

மூன்றாவது வளைவில் அவள் வந்துகொண்டிருந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. விசில் கழுத்தில் தொங்கியது.

"ஏன் ஊதல?"

"ஊதினா நீங்க திரும்பி வந்துடுவீங்க. மார்க் போயிடுமே சார்."

அவர் தன் அங்கியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். "மன்னிச்சுடும்மா. பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்த ஆளு தேர்வாளரே இல்ல. உன்னை விட்டுட்டு வந்ததை அந்தப் புதுசாக் கல்யாணமான ஜோடியும் பாத்துட்டாங்க. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர்தான். எல்லாம் போச்சு. இனிமே சார் வேண்டாம்."

அவள் அங்கியை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் சைக்கிளையும் சேர்த்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் அவர் இரண்டு சைக்கிளையும் உள்ளே விட்டு, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் அவள் நொண்டிக்கொண்டே வாசற்படி ஏறினாள். அலுவலகத்து அம்மாள் நாலு தலையையும் எண்ணிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"மேடம்," என்றார் குமாஸ்தா, ஜோடியைப் பார்த்தபடி. "ரிசல்ட் எனக்கே தெரியும். இந்த ரெண்டு பேர்ல தேர்வாளர் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"தேர்வாளரை அனுப்புறதைத்தான் நிறுத்தியாச்சே, தேர்வுக்கு வரச் சொல்லி அனுப்பின கடிதத்தோட பின்பக்கம் படிக்கலையா?" என்றபடி அந்த அம்மாள் பேனாவையும் காகிதத்தையும் அவர் மனைவியின் முன்னால் வைத்தாள். "இப்பல்லாம் கடைசியா வந்து சேர்றவங்கதான் மார்க் போடணும். நீங்க பயப்படாம உள்ளதை உள்ளபடி எழுதுங்கம்மா, சார் கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும்."