காரைக்குடி ராஜாவின் ரகசியக் கேள்வி

ஆசியாக் கண்டத்தின் சதுரங்கச் சக்கரவர்த்தியாக வளனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அப்படித்தான் அந்த ஈமெயிலில் எழுதியிருந்தது. கிரீடம் வேண்டுமென்றால் கீழே இருக்கும் நீல எழுத்தை அமுக்கி, வருகிற பக்கத்தில் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கவும். வளன் அமுக்கினார், அடித்தார். சக்கரவர்த்தி ஆயிற்றே, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தே அடித்தார்.

மறுநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தால், அதே பாஸ்வேர்டைச் செஸ் தளம் தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடி தப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். கண்ணாடி சுத்தமானதுதான் மிச்சம்.

“போச்சுண்ணே,” என்றான் மருது. செக்காலை ரோட்டில் ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரு டேபிள் ஃபேனும் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன். “தூண்டில் போட்டிருக்கான், நீங்களாப் போய் வாயைக் குடுத்துட்டீக. அந்த நீல எழுத்து வேற எவனோ போலியாச் செஞ்ச பக்கத்துக்குப் போயிருக்கு.”

“அப்ப கிரீடம்?”

“கிரீடமா? உங்க கணக்கே இப்ப அவன் கையில. இங்குட்டுப் பாருங்க, உங்க பேர்ல ஒருத்தன் ஆடிக்கிட்டிருக்கான்.”

வளன் எட்டிப் பார்த்தார். ‘காரைக்குடி ராஜா’ என்கிற தன் பெயரில் ஊர் பேர் தெரியாத ஒரு களவாணி ஆடிக்கொண்டிருந்தான். ஆடினால் ஒழுங்காகவாவது ஆடக் கூடாதா? நாலாவது நகர்த்தலிலேயே ராணியைத் தூக்கிக் கொடுத்தான். ஒன்பதாவதில் தோற்றான். உடனே அடுத்த ஆட்டம், அடுத்த தோல்வி. நாற்பத்திரண்டாவது இடத்திலிருந்த ராஜா ஒரே ராத்திரியில் தொண்ணூற்றேழுக்குப் போயிருந்தார்.

இதற்கு ஏன் ஒரு மனுசன் நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வளன் கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர். பதினெட்டு வருஷமாக மூன்றாவது மேசை. ரெண்டாவது மேசைக்காரர் ரிட்டயர் ஆனபோது கூட அந்த மேசையைத்தான் எடுத்துப் போனார்களே தவிர இவரை நகர்த்தவில்லை. பிறந்ததிலிருந்து அவர் ஒரு படி முன்னேறியது அந்தச் செஸ் பட்டியலில்தான். எட்டு மாசத்தில் ஆறாயிரத்துச் சொச்சத்திலிருந்து நாற்பத்திரண்டு! பிரேசில்காரன் ஒருத்தன் இவரை ‘யுவர் மெஜஸ்டி’ என்று கூப்பிட்டிருக்கிறான். வீட்டில் கூப்பிடுவது வேற மாதிரி.

வீட்டுக்கு இந்த ராஜ்ஜியமே தெரியாது. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப் போகுது, படிக்காதவனை எல்லாம் தொண்டிக்கு மாத்திருவாங்க என்று சொல்லி, தினமும் ஆறிலிருந்து எட்டு வரை கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போகிறதாக மனைவி அற்புதத்திடம் கணக்குக் காட்டியிருந்தார். பாவம், அவளும் நம்பி, குழாயில் தண்ணீர் பிடிப்பது, வெங்காயம் உரிப்பது, மாவரைப்பது எல்லாவற்றிலிருந்தும் அவருக்கு விடுதலை கொடுத்திருந்தாள்.

“மீட்க வழியே இல்லையா மருது?”

“ஒண்ணு இருக்குண்ணே. கணக்குத் தொடங்கையில ஒரு ரகசியக் கேள்வி கேப்பான்ல, அதுக்குப் பதில் சொன்னா புது பாஸ்வேர்டு போட விடுவான். ஆனா மூணே தடவைதான். மூணும் தப்புன்னா கணக்கை ஒரேயடியா மூடிருவான்.”

“கேளு, சொல்றேன். நமக்குத் தெரியாத ரகசியமா?”

மருது தட்டினான். திரையில் கேள்வி வந்தது. உங்கள் மனைவியின் பிறந்தநாள் எது? தேதி, மாதம்.

டேபிள் ஃபேன் இங்குட்டும் அங்குட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வளன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் அற்புதம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வளன் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“அற்புதம், உனக்குப் பொறந்தநாள் எப்ப?”

துருவல் நின்றுவிட்டது. “எதுக்குக் கேக்குறீக?”

“சும்மாதான். ஒரு புருசன் கேக்கக் கூடாதா?”

“பன்னெண்டு வருஷமாக் கேக்காத புருசன் கேக்குறாரே. ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?”

“இல்ல, கொண்டாடலாம்னு...”

வாய் தவறி வந்துவிட்டது. அற்புதத்தின் முகத்தில் டியூப்லைட் எரிந்தது. “ஜூன் ஒண்ணு! வர்ற செவ்வாய்க்கெழமைங்க. மாம்பழக் கலர்ல அரக்குக் கரை போட்ட கண்டாங்கிச் சேலை ஒண்ணு கடையில தொங்குது. நாளைக்கே போயிருவமா?”

கண்டாங்கி வந்தது. ஜூன் ஒன்றை மருதுவின் கம்ப்யூட்டரில் அடித்தார். தப்பு. ராஜா முன்னூற்றுப் பத்தாவது இடத்தில் இருந்தார்.

“ஜூன் ஒண்ணுன்னு நெசமாத்தான் சொன்னியா?” புதுச் சேலையின் முந்தானையை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“பள்ளிக்கூட சர்டிபிகேட்ல அதாங்க இருக்கு. எங்க ஊரு ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் ஒண்ணுதான் போடுவாரு. எங்க வகுப்புல முப்பத்தாறு பேரும் ஒரே நாள்ல பொறந்தவுக.”

“அடிப்பாவி! அப்ப வேற தேதி?”

“எங்க வீட்டுல பேருகொண்ட திருநாளைத்தான் கொண்டாடுவோம். கோடி அற்புதர் அந்தோணியார் திருநாள், ஜூன் பதிமூணு. இந்தத் தடவை ஞாயித்துக்கெழமையே வருது. கேட்டதுதான் கேட்டீக, மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு நாள் சுத்திக் காட்டுங்களேன்.”

ஜூன் பதிமூன்றை ரெண்டாம் தேதியே அடித்துப் பார்த்துவிட்டார். அதுவும் தப்பு. ஆனாலும் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. தப்பு என்று தெரிந்த ஒரு பிறந்தநாளுக்காக, சனியன், அறுபது மைல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, “மகிழ்ச்சியா இருக்கியா?” என்றும் கேட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது ராஜா தொள்ளாயிரத்து எட்டு.

இனி ஒரே ஒரு தடவை. வளனுக்கு அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. பள்ளிக்கூடம் பொய் சொல்லலாம், பொண்டாட்டி பொய் சொல்லலாம், கோவில் ஞானஸ்நானப் பதிவேடு பொய் சொல்லுமா? ஒரு நாள் லீவு போட்டார். காளையார்கோவிலுக்கு அங்குட்டு இருக்கிற மாமனார் ஊருக்குப் பஸ் ஏறினார். மாமியார் வீட்டுப் பக்கமே திரும்பாமல் நேராகக் கோவிலுக்குப் போய், பதிவேடு வைத்திருக்கிற உபதேசியார் முன்னால் நின்றார்.

“ஞானஸ்நான நகல் ஒண்ணு வேணும். என் சம்சாரத்துக்கு.”

“எதுக்கு?” என்றார் உபதேசியார்.

“சும்மாதான்.”

“சும்மா யாரும் கேக்க மாட்டாகளே. கல்யாணத்துக்குத்தான் கேப்பாக. உங்க சம்சாரத்துக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல?”

“ஆயிருச்சு. என்கூடத்தான்.”

உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “அப்ப இன்னொண்ணுக்குத்தான் கேப்பாக. நடந்த கல்யாணம் செல்லாதுன்னு பிஷப் ஹவுசுக்கு மனுப் போடுறவுக.”

வளன் மட்டும் அப்போது சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். செஸ் கதையைச் சொன்னால் மாமியார் காதுக்குப் போய்விடுமே என்ற பயம் வேறு. “அய்யா, இது ரொம்ப ரகசியம். எங்க வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது,” என்று குனிந்து சொல்லிவிட்டு, நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பஸ் ஊருக்கு ஊர் நின்று வந்தது. செய்தி புல்லட்டில் வந்தது. வளன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மச்சான் சகாய ஆண்டனியின் புல்லட் நின்றுகொண்டிருந்தது. உள்ளே மச்சான் உட்காரவில்லை. அதுவே பயமாக இருந்தது.

“வாங்க மாப்பிள்ளை. எங்க தங்கச்சி என்ன குறை வச்சா? சொல்லுங்க, நானும் கேட்டுக்கிறேன்.”

“குறையா? ஒரு குறையும் இல்ல மச்சான்.”

“குறை இல்லாமத்தான் நகல் வாங்குனீகளோ? எங்கம்மா அங்குட்டுக் காலையிலருந்து சோத்தைத் தொடாம உக்காந்திருக்காக.”

“சத்தியமாச் சொல்றேன் மச்சான், நான் இவ பொறந்தநாளைக் கண்டுபிடிக்கத்தான்...”

“பொறந்தநாளை எதுக்கய்யா கோவில்ல போயித் தேடுறீக? வீட்டுல ஆள் இல்லையா?”

வளன் அற்புதத்தைப் பார்த்தார். சுவரோரம் அந்த மாம்பழக் கலர் கண்டாங்கியில் நின்றுகொண்டிருந்தாள். கண் ரெண்டும் சிவந்திருந்தன. “சேலை எடுத்துக் குடுத்தீக, மதுரைக்குக் கூட்டிட்டுப் போனீக. கடைசியா ஒரு நல்லது செஞ்சிட்டு அத்து விடப் போறீகளோன்னு ஒரு நிமிஷம் எனக்கு உசுரே இல்லங்க,” என்றாள். நாற்பத்திரண்டாவது இடமாவது மண்ணாங்கட்டியாவது என்று வளனுக்கு அப்போது நிஜமாகவே தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நீல எழுத்து, கிரீடம், களவாணி, ரகசியக் கேள்வி, பிரேசில்காரன் வரைக்கும்.

சொல்லி முடித்ததும் மச்சான்தான் முதலில் உட்கார்ந்தார். பனியன் நனைய நனையச் சிரித்தார்.

அற்புதம் சிரிக்கவில்லை. “அப்ப கம்ப்யூட்டர் கிளாசு?”

“கம்ப்யூட்டர்லதான் ஆடினேன்.”

“எட்டு மாசம். தினம் பத்துக் கொடம் தண்ணி. ராஜாவுக்காக.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கெளம்புங்க.”

“எங்க?”

“அந்தக் கேள்வி எங்க இருக்கோ அங்க.”

மருதுவின் கடையில் வளன் நாற்காலியில் உட்கார்ந்து, நகலைப் பிரித்து, அதிலிருந்த அக்டோபர் இருபத்தேழை அடிக்க ஒற்றை விரலை நீட்டினார். அற்புதம் அந்த விரலைப் பிடித்தாள்.

“நில்லுங்க. இந்தத் தேதி உங்களுக்கு இன்னைக்குத்தான தெரியும்? எட்டு மாசத்துக்கு முன்னாடி எப்படிப் போட்டிருப்பீக?”

வளன் நகலை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, அன்னைக்கு நீங்கதான கூட இருந்து எல்லாம் அடிச்சீக? இவரு யோசிச்சுச் சொன்னாரா?”

“எங்க யோசிச்சாருக்கா?” என்றான் மருது. “வீட்டம்மா பொறந்தநாள்னு கேட்டேன், டக்குனு ஒரு தேதி சொன்னாரு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு.”

“டக்குன்னா சொன்னாரு? எந்திரிங்க.”

அற்புதம் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். இவர் எழுத்தைத் தேடித் தேடிக் கொத்துகிற பலகையில் அவள் விரல் பார்க்காமலே ஓடியது. மார்ச் பத்தொன்பது.

“அது என் பொறந்தநாளாச்சே!” என்றார் வளன்.

“ஆமாங்க. வருஷா வருஷம் நான் கேசரி கிண்டுற தேதி. உங்களுக்கு யோசிக்காமத் தெரிஞ்ச பொறந்தநாள் ஒலகத்துலயே அது ஒண்ணுதான்.”

கணக்கு திறந்துகொண்டது. ராஜா ரெண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது இடத்தில், ராணி இல்லாமல், ஒரு தோற்கிற ஆட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வளனுக்கு அதுவே போதும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“புது பாஸ்வேர்டு போடச் சொல்லுதுக்கா. இனி ரகசியக் கேள்விக்கும் அதேதான் பதில்,” என்றான் மருது.

“ரெண்டு பேரும் அங்குட்டுத் திரும்புங்க.”

திரும்பினார்கள். பின்னால் நாலு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. அற்புதம் எழுந்து சேலையை உதறினாள்.

“ஏம்மா, நான் ஆடணும்ல?” வளன் கெஞ்சினார்.

“தாராளமா ஆடுங்க. பாஸ்வேர்டு ஒண்ணும் கஷ்டமில்ல. என் பொறந்தநாள். நெசமான பொறந்தநாள்.”

வளனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா? மறுநாள் ஆறு மணிக்கு முதல் ஆளாகப் போய் அக்டோபர் இருபத்தேழை அடித்தார். தப்பு. ஜூன் ஒன்று, தப்பு. ஜூன் பதிமூன்று, தப்பு. “ஒரு நாளைக்கு மூணு தப்புதாண்ணே. அதுக்கு மேல இன்னைக்குப் பூட்டிருவான்,” என்று மருது கையைத் தட்டிவிட்டான்.

வீட்டுக்கு ஓடினார். “கோவில் பதிவேட்டுல இருக்கிறதே தப்புங்குதே!”

“அந்தக் காலத்துச் சாமியாரு ஞானஸ்நானம் குடுத்த தேதியையே ரெண்டு கட்டத்துலயும் எழுதிட்டாரு. அதுக்கு முன்னாடியே பொறந்துட்டேங்க,” என்றாள் அற்புதம், அரிவாள்மணையையும் வெங்காயக் கூடையையும் அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே. “கிளாசுதான் இல்லையே. உரிங்க.”

வெங்காயம் உரிக்க உரிக்க வளன் கணக்குப் போட்டார். வருஷத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாள், நாளைக்கு மூன்று தடவை. நாலு மாசம் ஆகும். அதற்குள் ராஜாவை மறந்தே போவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டும் கிடையாது, அற்புதம் வீட்டில் பிறந்தவள். நெசமான தேதி தெரிந்த ஒரே ஜீவன் மாமியார்தான்.

அந்தச் சனிக்கிழமையே ஒரு சீப்பு மலைப்பழமும் அரைக் கிலோ அல்வாவுமாகப் பஸ் ஏறினார். மாமியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். கோழியடித்துக் குழம்பு வைத்தார். ரசம் ஊற்றினார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி சோறு போட்டார். இவ்வளவு மரியாதையைப் பார்த்ததும் வளனுக்குத் தைரியம் வந்துவிட்டது. மோருக்குக் கையைக் குவித்துக்கொண்டே கேட்டார்.

“அத்தை, அற்புதம் எந்தத் தேதியில பொறந்தா?”

மாமியார் மோரை ஊற்றினார். “நல்லாச் சோறு போடும்மா, தேதியை மட்டும் சொல்லிராதன்னு அவ முந்தாநாளே கடுதாசி போட்டுட்டாளே மாப்பிள்ளை.”