கடுகளவு மேடம்

"ஏங்க, இங்க வாங்களேன். எங்க மேடம் கடுகளவு இருக்காங்க!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் ஈரக்கையோடு ஓடி வந்தான். கணினித் திரை முழுக்க வட்டங்களும் கோடுகளும். டிவி, ரேடியோ, பத்திரிகை எல்லாம் ஒரே செல்போனுக்குள் குடியேறிய பிறகு ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்த கட்டுரைகளில், யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அவள் வரைந்த படம். அதிகம் காட்டப்பட்டவருக்குப் பெரிய வட்டம். நாளை நெறியாளர் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அவளுடைய முனைவர் பட்டம் கரை சேரும்.

"நடுவுல பூசணிக்காய் மாதிரி இருக்கறது யாரு?"

"வேற யூனிவர்சிட்டி புரொஃபசர். மேடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவரை வறுத்தெடுக்காம மேடம் ஒரு கட்டுரைகூட எழுதினதில்ல."

"பழைய கட்டுரையெல்லாம் தூக்கிடு. ஆள் சுருங்கிடுவார்." யோசனைக்கு என்ன பஞ்சம், கணவன் தாராளமாகச் சொன்னான்.

தூக்கினாள். பூசணிக்காய் இன்னும் பெருத்தது.

"தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கிறாரோ என்னவோ. அதையெல்லாம் கழிச்சுப் பாரு."

எல்லாருடைய சுயமேற்கோளையும் கழித்தாள். பூசணிக்காய் அசையவில்லை. மேடம்தான் காணாமல் போனார்.

"எங்க போனாங்க?"

"அவங்களை மேற்கோள் காட்டினது அவங்க மட்டும்தான் போல," என்றாள் அழாக்குறையாக.

"அந்தப் புரொஃபசரோட மாணவர்களே கூட்டம் சேர்த்துவிட்டிருப்பாங்க. கோடெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

எல்லாவற்றையும் பழையபடி வைத்து, மேற்கோள் அதிகம் வரும் இடத்தைச் சிவப்பில் காட்டச் சொன்னாள். திரை சிவந்தது. பாதிக்கு மேல் மேடத்திடமிருந்து! திட்டித் திட்டியே மனிதரைப் பெரியாளாக்கியிருக்கிறார். எண்ணுகிற மென்பொருளுக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதானே.

"சிவப்பை மறைச்சிடேன்."

"மாட்டேங்க. இவ்வளவு நேரம் சுருக்கிப் பார்த்ததே தப்பு. பொய்ப் படம் காட்டித்தான் பட்டம் வாங்கணும்னா அது எனக்கு வேண்டாம்."

மறுநாள், அவள் அச்சடித்து வந்த படத்தையே மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சிவப்புக் கோடெல்லாம் நானா?"

"ஆ... ஆமா மேடம்."

"ஒழுங்கா எண்ணினியா?"

"திரும்பத் திரும்ப எண்ணினேன் மேடம்."

"வெளியே இரு."

வராந்தாவில் போய் நின்றாள். இத்தனை வருஷ உழைப்பும் ஒரு பூசணிக்காயால் பாழாய்ப் போகிறதே! சற்று நேரத்தில் மேடம் படத்தைச் சுருட்டிக்கொண்டு, இவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று படியிறங்கிப் போனார்.

பின்னாலேயே அலுவலக உதவியாளர் ஆய்வேட்டோடு வந்தார். "இந்தாம்மா. கையெழுத்து போட்டாச்சு."

அவளால் நம்ப முடியவில்லை. "அக்கா, அப்ப அந்தப் படம்?"

"அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. 'நீங்க பெரியாளானதே என்னாலதான்'னு புரொஃபசரான தன் வீட்டுக்காரர்கிட்ட நிரூபிக்க, பாவம், இத்தனை வருஷமா அவங்களுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கலையே!"